தன் நிழலைத் தானே சுமத்தல்

1887ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கம். சுவிற்சர்லாந்து நாட்டின் பாசல் நகரிலே, பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில், பாடசாலை விட்டு வந்த சிறுவன் ஒருவன் தன் தோழனை எதிர்பார்த்து நின்றான். அவனுக்கு அப்போது வயது பன்னிரண்டை எட்டிக்கொண்டிருந்தது. மற்றொரு பையன் திடீரென்று வந்து அவனைத் தள்ளிவிட்டான். விழுந்தவனுடைய தலை நடைபாதையின் ஓரக்கல்லில் மோதியது. நினைவு மங்கிய அக்கணத்திலே அவனுள்ளத்தில் ஓர் எண்ணம் மின்னலெனத் தோன்றி மறைந்தது: இனிப் பாடசாலைக்குப் போகவேண்டியதில்லை!

அன்று தொடக்கம் அவனுக்கு மயக்கம் வரலாயிற்று. பாடசாலைக்குத் திரும்பவேண்டும் என்ற பேச்சு எழும்போது மயக்கம். வீட்டுப் பாடம் செய்ய அமரும்போது மயக்கம். ஆறு மாதங்களுக்கு மேலாக அவன் பாடசாலையை மறந்து, மரஞ்செடிகளிடையேயும் தந்தையாரின் நூல்களிடையேயும் விரும்பியவாறு பொழுது போக்கினான். வைத்தியர்கள் தலையைச் சொறிந்தனர். ஒருவர் இது வலிப்பு நோயாகலாம் என்றார். ஒருநாள் தந்தையாரைக் காண நண்பர் ஒருவர் வந்தார். மகனின் நலத்தை அவர் வினவியபோது, கையிலிருந்த சிறு பொருளும் வைத்தியத்திற் கரைந்துவிட்டது என்றும், இவன் தன் வயிற்றுப்பாட்டுக்குத் தானே உழைக்க இயலாதவனாகிவிட்டால் என்ன செய்வது என்றும் அந்த ஏழைப் பாதிரியார் வருந்திக் கூறினார். செடிமறைவில் நின்ற சிறுவனின் செவியில் அச்சொற்கள் விழுந்தன.

அவன் அரவமின்றி வீட்டினுட் சென்று, தந்தையாரின் அறையிலே இலத்தீன் இலக்கண நூலை எடுத்து வைத்துப் படிக்கத் தொடங்கினான். பத்து நிமிடங்களில் மயக்கம் வந்தது, நாற்காலியிலிருந்து விழவிருந்தான். சற்றே தெளிந்ததும் மீண்டும் படித்தான். மறுபடியும் மயக்கம், மறுபடியும் படிப்பு. மூன்றாவது மயக்கமும் வந்து போயிற்று. அதன்பின் அது அவனை அணுகவேயில்லை. சில வாரங்களில் அவன் பாடசாலைக்குத் திரும்பினான்.

அச்சிறுவனே பிற்காலத்தில் உளவியல் உலகிற் பெரும்புகழ் பெற்ற கார்ல் குஸ்தாவ் யுங் ஆவார். இச்சம்பவத்தில் வியக்கத்தக்கது அவனுடைய மனவுறுதி மட்டுமன்று. நோயை வருவித்தது தன்னைத் தள்ளிய பையனுமன்று, கல்லுமன்று, தன்னுள்ளே ஒளிந்திருந்த தானே என்பதை அவன் கண்டுகொண்டான், கண்டு வெட்கினான். உளநோய் என்றால் யாது என்பதைத் தாம் அன்றே கற்றுக்கொண்டதாக யுங் தம் முதுமையில் நினைவுகூர்ந்தார். அவர் உலகுக்கு வழங்கிய கருத்துகளுள் தலையாயது எதுவோ, அதன் வித்து இந்த இலத்தீன் இலக்கண நூலின் முன்னேயே விழுந்துவிட்டது எனலாம்.

சொல்லும் பொருளும்

யுங் 1875ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள் கெஸ்வில் என்னும் ஏரிக்கரைக் கிராமத்திற் பிறந்தவர். பாசலில் மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டிலே சூரிச் நகரிலுள்ள பூர்க்கோல்ஸ்லி மனநோய் வைத்தியசாலையிற் சேர்ந்தார். அங்கு அவர் நடத்திய பரிசோதனை ஒன்று எளிமையானது. நூறு சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை எடுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுவார். கேட்பவர் தம் மனத்தில் முதலில் எழுந்த சொல்லை உடனே கூறவேண்டும். நேரத்தை மணிப்பொறி அளக்கும். பெரும்பாலான சொற்களுக்கு விடை தடையின்றி வரும். ஆனால், சில சொற்களைக் கேட்டதும் நா தடுமாறும், விடை தாமதிக்கும். அவ்விடத்திலேதான் அம்மனிதர் பிறருக்கும் தமக்குமே மறைத்துவைத்த துயரமோ அச்சமோ ஆசையோ பதுங்கியிருக்கும்.

வீட்டின் தலைவன் தான் என்று ஒருவன் நினைத்துக்கொண்டிருக்க, அவனறியாத குடியிருப்பாளர் பலர் உள்ளறைகளில் வாழ்கின்றனர் என்பதை இப்பரிசோதனை காட்டிற்று. வியன்னாவிலிருந்த சிக்மண்ட் புரொய்ட் அவர்களும் இதனையே வேறு வழியாற் கண்டிருந்தார். 1907இல் இருவரும் சந்தித்தனர். ஆசிரியரும் வாரிசும்போற் பழகினர். 1913இல் கருத்து வேற்றுமையாற் பிரிந்தனர்.

நனவிலி மனத்தில் அடங்கியுள்ளவற்றை ஒருவன் ஒவ்வொன்றாக இனங்கண்டு, அவற்றையும் தன்னுடையவை என ஏற்று, பிளவுபடாத முழு மனிதனாக வளரும் நெடும்பயணத்துக்கு யுங் ஒரு பெயர் கொடுத்தார். அதனைத் தமிழில் 'தானாதல்' என்று சொல்லலாம். அவர் எடுத்தாண்ட இலத்தீன் வேர்ச்சொல்லுக்குப் 'பகுக்க இயலாதது' என்பது பொருள். ஆகவே தானாதல் என்பது தனித்துப் போதலன்று. பிறரைப் பொருட்படுத்தாது தன் விருப்பப்படி நடத்தலுமன்று. சிதறிக் கிடக்கும் தன்னைத் தான் கூட்டிச் சேர்த்தலே அது.

முகமூடியும் முகமும்

இப்பயணத்தில் முதலில் எதிர்ப்படுவது முகமூடி. பழைய உரோம நாடக மேடையில் நடிகர் அணிந்த முகமூடியின் பெயரையே யுங் இதற்கு இட்டார். ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர், குடும்பத் தலைவர், நல்ல மருமகள் என்று சமூகம் நமக்கு ஒவ்வொரு வேடத்தைத் தருகின்றது. வேடம் வேண்டாமென்பது யுங்கின் கருத்தன்று. அஃது இன்றி ஊரில் வாழ்தல் இயலாது. வேடத்தையே முகமென நம்புவதுதான் கேடு. கல்லூரியிற் பிரம்பும் கண்டிப்புமாக இருந்தவர் ஓய்வுபெற்ற மறுநாளே யாரென்று தெரியாதவராக முற்றத்திற் சாய்மனைக் கதிரையிற் கிடப்பதை நாம் கண்டதில்லையா? முகமூடியைக் கழற்றியபோது, அதன் பின்னே வளர்ச்சியற்ற ஒரு முகமே எஞ்சியிருந்தது.

முகமூடிக்கு ஒவ்வாதவையெல்லாம் எங்கே செல்கின்றன? அவை அழிவதில்லை, பின்னே சென்று ஒளிகின்றன. ஒளிந்த அப்பகுதியை யுங் 'நிழல்' என்றார். நமது சினம், பொறாமை, சோம்பல் ஆகியவை அங்குண்டு. அவற்றோடு, அஞ்சிக் கைவிட்ட நற்றிறமைகளும் அங்கேயே கிடக்கின்றன. நிழலை நாம் நேராகக் காண்பது அரிது. அதனைப் பெரும்பாலும் இன்னொருவர் முகத்திலேதான் காண்கின்றோம். காரணத்துக்கு மிஞ்சிய வெறுப்பு ஒருவர்மேல் எமக்கு உண்டாகுமாயின், அங்கே எமது நிழல் விழுந்திருக்கக்கூடும் என்பது அவரது எச்சரிக்கை.

இவ்வெச்சரிக்கையை நாம் புத்தகத்திற் படித்திருந்தோம். ஆனால் வாழ்க்கையிலேதான் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எமது உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். குழப்படிக்காரன் அல்லன். பாடக் குறிப்பை எழுதுவதை விட்டு, கொப்பியின் ஓரங்களிலே படம் வரைந்துகொண்டிருப்பான், அவ்வளவே. அவனைக் காணும்போதெல்லாம் எமக்கு எரிச்சல் மூண்டது. பிறர் செய்தாற் புன்னகையோடு கண்டிக்கும் பிழையை அவன் செய்தால் எம்மாற் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, அவனுடைய கொப்பியைப் பறித்து இரண்டாகக் கிழித்தோம். அவன் ஒன்றும் பேசாது, கிழிந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கினான்.

அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. அத்தாள்களில் ஒன்றில் நாம் கண்ட படம் கண்முன் நின்றது. அது மழைநாளின் பேருந்து நிலையம், நன்றாகவே வரைந்திருந்தான். பதினைந்து வயதில் நாமும் வரைந்தவர்தாம். 'இது சோறு போடுமா?' என்று ஐயா ஒருமுறை கேட்டார். நாம் தூரிகையை அன்றே வைத்துவிட்டுப் பாடநூலை எடுத்தோம், பட்டதாரியானோம், ஆசிரியரானோம். கைவிட்டதற்காக வருந்தியதாக எமக்கு நினைவேயில்லை. ஆயின் நாம் துணியாததை ஒருவன் எம் கண்முன்னே அச்சமின்றிச் செய்துகொண்டிருந்தபோது, எமக்குள் இருந்த பதினைந்து வயதுப் பையன் அவனை மன்னிக்கவில்லை. நாம் கிழித்தது அவனுடைய கொப்பியை மட்டுமன்று.

பெற்றோர் வாழாது விட்ட வாழ்க்கையைப் பிள்ளைகள் சுமக்க நேரிடுகின்றது என்பது யுங் பலகாலும் வற்புறுத்திய உண்மை. மகன் வைத்தியராகவேண்டும், மகள் பொறியியலாளராகவேண்டும் என்று நாம் நிற்கும்போது, அது பிள்ளையின் நன்மைக்கா, எமது நிறைவேறாத கணக்கைத் தீர்ப்பதற்கா என்று ஒருகணம் கேட்டுக்கொள்வது நன்று. ஆசிரியருக்கும் இக்கேள்வி பொருந்தும்.

ஏரிக்கரைக் கோபுரம்

யுங் தாமும் இக்கேள்வியிலிருந்து தப்பவில்லை. 1913இல் அவருக்கு வயது முப்பத்தெட்டு. பெயர், பொருள், குடும்பம் யாவும் இருந்தன. எனினும் புரொய்ட்டைப் பிரிந்தபின் தமது வாழ்வுக்கு அடிப்படை யாது என்று அவருக்கே தெரியவில்லை. சிறுவயதிற் கல்லடுக்கி விளையாடியது நினைவுக்கு வர, நாணத்தை விட்டு, ஏரிக்கரையிற் கற்களைப் பொறுக்கிச் சின்னஞ்சிறு ஊரொன்றைக் கட்டத் தொடங்கினார். மதிய உணவுக்குப்பின் விளையாட்டு; நோயாளர் வந்ததும் வைத்தியம். கனவுகளையும் அகக்காட்சிகளையும் எழுதி, பின்னர் அழகிய எழுத்தாலும் வண்ணப் படங்களாலும் ஒரு பெரிய சிவப்புத் தோற்புத்தகத்திற் பதித்தார். அப்புத்தகம் அவர் மறைந்து நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பின், 2009இலேதான் அச்சேறியது.

அக்காலத்தில் தமது அறிவு கலங்காமற் காத்தவை குடும்பமும் தொழிலுமே என்று அவர் கூறியுள்ளார். மனைவியும் ஐந்து பிள்ளைகளும் தமக்குண்டு, தம்மை நம்பிய நோயாளர் உண்டு, இன்ன தெருவில் இன்ன இலக்க வீட்டில் வாழ்கின்றோம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வாராம். உள்ளே ஆழ இறங்குபவனுக்கு வெளியே உறுதியான ஒரு கடமை வேண்டும் என்பதை இளைஞர்கள் இங்கே கவனித்தல் நலம்.

1923இல் சூரிச் ஏரியின் மேற்பகுதியிலுள்ள பொல்லிங்கனில் வட்டமான கற்கோபுரம் ஒன்றை அவர் கட்டினார். அங்கே மின்சாரம் இல்லை. விறகு பிளப்பதும் நீர் இறைப்பதும் சமைப்பதும் அவரே. சில ஆண்டுகளுக்கொருமுறை ஒவ்வொரு பகுதியாக அது வளர்ந்தது. 1955இல் மனைவியார் எம்மா காலமானபின், இரு கோபுரங்களுக்கிடையே தாழ்ந்து பதுங்கிக் கிடந்த நடுப்பகுதி தாமே என்று அவருக்குப் பட்டது. எண்பது வயதில் அதன்மேல் ஒரு மாடி எழுப்பினார். தானாதலுக்கு வயதெல்லை இல்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இங்கே வாசகர்கள் ஒரு தடை எழுப்பலாம்: ஒவ்வொருவனும் தன்னைத் தேடிக்கொண்டிருந்தால் ஊர்வேலையை யார் பார்ப்பது? இதற்கு யுங் 1916இல் எழுதிய கட்டுரையொன்றிலேயே விடை தந்துள்ளார். எல்லாரும் செல்லும் பாதையை விட்டுத் தன் வழியே செல்பவன் சமூகத்துக்குக் கடனாளியாகின்றான். சமூகம் அவனிடம் எதிர்பார்த்ததைக் கொடாது சென்றதால் அவன்மேற் குற்றமும் உண்டு. ஆகவே, அதற்கு ஈடான பெறுமதியொன்றை அவன் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். அங்ஙனம் கொண்டுவராதவனுடைய தனிவழி வெறும் ஓட்டமே.

கூட்டத்தின் நிழல்

எத்தகைய பெறுமதியை? ஒரு பாட்டை, ஒரு கண்டுபிடிப்பை, ஒரு நூலைக் கொணர்பவர் சிலர். ஆனால் எல்லாராலும் கொணரத்தக்க ஒன்றுண்டு. தன் நிழலைத் தானே சுமக்கக் கற்றவன் உலகத்துக்கு மெய்யான தொண்டொன்று புரிந்தவனாகின்றான் என்று யுங் 1937இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக விரிவுரைகளிற் கூறினார். அச்சுமையை அவன் அயலவன் தலையில் ஏற்றவில்லையன்றோ?

சுமக்க மறுத்தவர்களின் நிழல்கள் ஒன்றுகூடினால் நேர்வது யாது? 1913 ஒக்டோபரிற் புகையிரதத்திற் சென்றுகொண்டிருந்த யுங்குக்கு விழித்த கண்ணோடு ஒரு காட்சி தோன்றியது. வடகடலுக்கும் அல்ப்ஸ் மலைக்கும் இடைப்பட்ட நிலமெல்லாம் பெருவெள்ளம். அதிலே இடிந்த பொருள்களும் எண்ணற்ற பிணங்களும் மிதந்தன. பின்னர் அவ்வெள்ளமே குருதியாயிற்று. தமக்குப் பைத்தியம் பிடிக்கின்றது என்றே அவர் அஞ்சினார். 1914 ஓகஸ்டிற் பெரும்போர் மூண்டது. இதனைத் தீர்க்கதரிசனம் என்று கொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். தம் உள்ளத்தின் கலக்கமும் ஐரோப்பாவின் கலக்கமும் எவ்வாறு தொடர்புடையன என்று ஆராய்வதே இனித் தம் கடமை என்பதே யுங் அதிலிருந்து எடுத்த முடிவு.

கூட்டம் பெரிதாகப் பெரிதாக அதில் தனிமனிதனின் பொறுப்பு சிறிதாகின்றது. தனியே நிற்கும்போது செய்ய நாணுவதைக் கூட்டத்தோடு நின்று செய்யத் துணிகின்றான். தன்னுள் இருப்பதாக ஒப்பமுடியாத தீமையை, 'அதோ அவர்கள்' என்று மற்றோர் இனத்தின் மேலும் மதத்தின் மேலும் காண்கின்றான். இதனை 1936இலும், போர் முடிந்த 1945இலும், தமது முதுமையில் 1957இலும் யுங் விரித்தெழுதினார்.

எனினும் அவருடைய வரலாற்றின் கறையை மறைப்பது அவருக்கே நாம் செய்யும் துரோகமாகும். ஜேர்மனியில் நாற்சிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் உளமருத்துவர் சங்கமொன்றின் தலைமையை அவர் ஏற்றார். யூதருடைய உள்ளம் வேறு, ஜேர்மானியருடைய உள்ளம் வேறு என்று 1934இல் எழுதவும் செய்தார். யூத மக்கள் வேட்டையாடப்பட்ட வேளையில் அவ்வெழுத்து யாருக்குப் பயன்படும் என்பதை நிழலைப் பற்றிப் போதித்தவரே காணவில்லை. போரின் பின், வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய யூத மதகுரு லியோ பேக்கிடம், தாம் வழுக்கிவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார் என்று அறிகின்றோம். நிழலைப் பற்றிய அறிவு வேறு; தன் நிழலைக் காணும் பார்வை வேறு என்பதற்கு யுங்கே எடுத்துக்காட்டு.

நம் நாடும் 1983 தொடக்கம் 2009 வரை போரைக் கண்டது. இழந்தவர்க்கு நீதி வேண்டும். உன் நிழலைப் பார் என்று சொல்லி எவருடைய முறைப்பாட்டையும் தள்ளிவிடுதல் தகாது. கொடுமை செய்தவனுடைய பொறுப்பு அவனுடையதே. ஆயினும் நீதியைக் கோரும் நாவே ஓர் இனம் முழுவதையும் ஒரே சொல்லாற் பழிக்கும்போதும், சொந்தச் சமூகத்தின் சாதிக்கொடுமையைப் பேசுபவனை அடக்கும்போதும், அங்கே நிழல் நீள்கின்றது என்பதை எந்த இனத்தவரும் உணர்தல் வேண்டும்.

இலங்கைத் தெருவில் ஒரு காட்சி

யுங்குக்கும் நமது நாட்டுக்கும் ஒரு சிறு தொடர்புண்டு. இந்திய விஞ்ஞான மாநாட்டின் வெள்ளிவிழாவுக்கு அழைக்கப்பட்டு, 1937இன் இறுதியிற் புறப்பட்டுவந்த அவர், அப்பயணத்திலே இலங்கைக்கும் வந்தார். கண்டித் தலதா மாளிகையின் மாலை வழிபாட்டைக் கண்டு நெகிழ்ந்தார். இங்கே தாம் பார்த்த தெருக்காட்சி ஒன்றையும் அவர் பின்னர் சொல்லியுள்ளார். ஒடுங்கிய தெருவொன்றில் இரு குடியானவர்களின் வண்டிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. சுவிற்சர்லாந்தில் என்றால் வசைமாரி பொழிந்திருக்கும் என்று எண்ணி நின்றார் யுங். அவர்களோ ஒருவரையொருவர் வணங்கி, இஃது ஒரு கணநேரக் குழப்பம், இதில் ஆன்மா இல்லை என்ற கருத்துப்பட முணுமுணுத்துக்கொண்டு வண்டிகளை விலக்கிச் சென்றனர். சிக்கியது சில்லு, உள்ளமன்று. இத்தகைய மனிதர் நடந்த தெருக்களும் பின்னாளில் எரிந்தன என்பதையும் மறவாதிருப்போமாக. மரபு தரும் பண்பு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவராலும் மீண்டும் ஈட்டப்படவேண்டியதே.

அப்பயணத்தில் யுங் திருவண்ணாமலைக்குச் செல்லவில்லை. இரமண மகரிஷியைக் காண வாய்ப்பிருந்தும் ஏன் காணவில்லை என்று கேட்டவர் பலர். ஞானியரிடத்து அவருக்கு மதிப்பில்லாமலில்லை. 1944இல் வெளிவந்த, சிம்மர் என்பார் மகரிஷியைப் பற்றி எழுதிய நூலுக்கு அவரே முன்னுரை வழங்கினார். பிறர் அடைந்த மெய்ம்மையை இரவல் வாங்குதல் திருட்டுக்கு ஒப்பாகும், தமக்கு உரியதைத் தாமே தேடவேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். கல்கத்தாவில் நோயுற்றுத் தேறியபோது கண்ட கனவும் அதனையே உணர்த்திற்று. ஒரு தீவிலே புனிதக் கிண்ணத்தை எடுத்துவரவேண்டும், இடையே கடல், பாலமுமில்லை, படகுமில்லை, தோழரெல்லாம் களைத்து உறங்கிவிட்டனர். தனியே நீந்துவதென ஆடையைக் களைந்தபோது விழிப்பு வந்தது.

தனியே நீந்தவேண்டும், ஆனால் கிண்ணத்தை ஊருக்குக் கொண்டுவரவேண்டும். தானாதல் என்பதன் இரு பாதிகளும் இக்கனவில் அடங்கிவிட்டன.

கொப்பி கிழித்த கதையை நாம் முடிக்கவில்லை. மறுநாட் காலை அதே வகுப்பில், அத்தனை மாணவர் முன்னிலையில், பிழை எம்முடையது என்றும் அவனுடைய படம் நன்றாயிருந்தது என்றும் கூறி, ஒரு புதிய கொப்பியை அவன் மேசையில் வைத்தோம். அவன் எழுந்து நின்று, 'சரி, சேர்' என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. மன்னித்தானா என்பது இன்றுவரை எமக்குத் தெரியாது. ஆனால் அன்று மாலை, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், நாம் ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டு முற்றத்து வேப்பமரத்தின்முன் அமர்ந்தோம். படம் சரியாக வரவில்லை. ஆயினும் அடுத்த நாளிலிருந்து, வகுப்பிலே குனிந்து எதையோ வரையும் தலையொன்றைக் கண்டால் எமக்குச் சினம் எழுவதில்லை.